மிதிவெடி, வெடிக்காத ஷெல், பழைய குண்டு: டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் வந்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கும் மடு மாதா கோயிலுக்கும் கிளம்புகிறவர்கள் கேட்கிறார்கள். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை இலங்கை அகதி முகாம்களில் இத்தனை காலம் இருந்துவிட்டு, சொந்தக் காணியை ஒருதரம் பார்த்து வரலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்கிறார்கள்: "அங்கே இன்னும் மிதிவெடி இருக்கிறதாமே?" கடலுக்கு இந்தப் பக்கம், ஆற்றிலும் குளத்திலும் மண் வெட்டும்போது இனம் தெரியாத இரும்பு தட்டுப்பட்டவர்களுக்கும் இதேபோல் ஒரு கேள்வி உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியது இது.

போர் முடிந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது. மழையிலும் வெயிலிலும் கிடந்தது இன்னுமா வெடிக்கும்?

வெடிக்கும். உயிர்கள் போவதற்குப் பெரிய காரணமே "பழசுதானே" என்ற இந்த நினைப்புதான்.

மிதிவெடியின் உள்ளே இருக்கும் டிஎன்டி போன்ற வெடிமருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். பெரும்பாலான மிதிவெடிகளின் கூடு பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, தண்ணீரையும் எளிதில் உள்ளே விடாது. உள்ளேயிருக்கும் சுருள்வில்லோ பூட்டோ துருவேறிப்போனால் வெடி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பு காலால் அழுத்தினால் மட்டும் வெடித்தது, இப்போது கையில் எடுத்தாலே வெடிக்கக்கூடும். விடுதலைப் புலிகள் செய்த ஜொனி மிதிவெடிக்கு மரப்பெட்டிதான் கூடு. சில வருஷத்தில் கறையான் பெட்டியைத் தின்றுவிடும். மருந்தும் வெடிப்பியும் மண்ணில் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்தால் வெடி மாதிரியே தெரியாது.

விழுந்தும் வெடிக்காத ஷெல் இதைவிட மோசம். பீரங்கியிலிருந்து கிளம்பிய அதிர்ச்சியில் அதன் பூட்டுகள் எல்லாம் ஏற்கெனவே திறந்துகொண்டிருக்கும். ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டதால்தான் அன்றைக்கு வெடிக்கவில்லை. அந்தச் சிக்கல் எப்போது விடும் என்று எந்த நிபுணராலும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

என்னென்ன வகை இருக்கிறது? பார்த்தால் தெரியுமா?

ஆளை அடிக்கும் மிதிவெடி உள்ளங்கையில் அடங்கும். ஷூ பாலிஷ் டப்பா அளவுதான். சில கிலோ எடை பட்டாலே போதும், ஒரு குழந்தையின் காலே அதற்கு மேல். வாகனத்தை அடிக்கும் வெடி பெரியது. அது பொதுவாக நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் கேட்கும், ஆனால் அதற்குப் பக்கத்தில் சின்ன மிதிவெடியும் சேர்த்துப் புதைத்திருப்பார்கள். காலுக்குக் குறுக்கே கம்பி கட்டி இழுத்தால் வெடிப்பது வேறு வகை. இவை தவிர ஷெல், மோட்டார் குண்டு, தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி, கைக்குண்டு, கொத்துக்குண்டு (பெரிய குண்டு ஒன்று வானத்தில் திறந்து பல சிறு குண்டுகளைச் சிதறவிடுவது) விட்டுப்போன சிறு குண்டுகள், வேண்டுமென்றே சாதாரணப் பொருள் மாதிரி வைத்துவிட்டுப் போன பொறிவெடிகள் எல்லாம் உண்டு.

பார்த்துத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். படத்தைப் பார்த்துப் படித்துவிட்டு, "இது அது இல்லை" என்று முடிவு கட்டிக் கையில் எடுத்தவர்கள் உண்டு.

இதில் மாட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் படைவீரர்கள்தானே?

இல்லை. உலகம் முழுக்க ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் லேண்ட்மைன் மானிட்டர் அறிக்கைப்படி, 2023-இல் மட்டும் மிதிவெடிகளாலும் போர் விட்டுப்போன வெடிபொருட்களாலும் 5,757 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 1,983 பேர் இறந்துபோனார்கள். யார் எவர் என்று தெரிந்தவர்களில் 84 சதவீதம் பொதுமக்கள். வயது தெரிந்த பொதுமக்களில் 37 சதவீதம் குழந்தைகள். இது பதிவான கணக்கு மட்டும்தான்.

வன்னியில் வெடியில் அகப்பட்டவர்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். விறகு பொறுக்கப் போனார்கள், மாட்டைத் தேடிப் போனார்கள், பனங்காய் எடுக்கப் போனார்கள், வளவைத் துப்புரவாக்கிக் குப்பைக்குத் தீ வைத்தார்கள், பழைய இரும்பு சேர்த்தார்கள். யாரும் விளையாட்டாகப் போய் மாட்டிக்கொள்ளவில்லை. பலருக்கு அங்கே வெடி இருக்கும் என்பது தெரியும். தெரிந்தும் போயிருக்கிறார்கள், ஏனென்றால் அன்றைக்கு அடுப்பெரிய வேண்டும். அதனால்தான் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலம் திரும்பக் கிடைக்காதவனுக்குக் காட்டை விட்டால் வேறு வழியில்லை. அறிவுரையோடு நிலத்தையும் சுத்தம் செய்து கொடுத்தால்தான் சாவு குறையும்.

பிள்ளைகள் கதை வேறு. பளபளப்பாக, உருண்டையாக, கைக்கு அடக்கமாக எது கிடந்தாலும் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள். கொத்துக்குண்டின் சிறு குண்டு பல நாடுகளில் பந்து மாதிரி, டப்பா மாதிரி இருக்கும். லாவோஸ் நாட்டில் 1964-க்கும் 1973-க்கும் இடையே அமெரிக்கா கொட்டிய கொத்துக்குண்டுகளில் சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். கொட்டியவர்கள் போய் அரை நூற்றாண்டு ஆகியும் பேரப்பிள்ளைகள் அடிபடுகிறார்கள்.

கப்பலில் யாழ்ப்பாணம் போகிறோம். பயப்பட வேண்டுமா?

பயப்படத் தேவையில்லை. யாழ்ப்பாண நகரம், நல்லூர், நயினாதீவு, ஏ9 சாலை, மடு கோயில் எல்லாம் மக்கள் தினம் புழங்கும் இடங்கள். புழக்கத்தில் இருக்கும் பாதையை விட்டு இறங்காதிருந்தால் போதும்.

நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நெடுந்தூரப் பயணத்தில் வேனை ஓரம் கட்டி, புதர் மறைவு பார்த்து ஒதுங்குவது நமக்குப் பழக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பக்கங்களிலும் யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் முகமாலை, பளை பக்கத்திலும் அந்தப் பழக்கம் வேண்டாம். கழிப்பிடம் இருக்கும் கடை வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இடிந்த வீடு, கைவிட்ட பங்கர், மண் அணை இவற்றில் ஏறிப் போட்டோ எடுக்க வேண்டாம். பாழடைந்த கிணற்றில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், வெடிபொருட்களைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டது அங்கே பல இடத்தில் நடந்திருக்கிறது.

மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு வர்ணம் பூசிய குச்சி, கட்டியிருக்கும் நாடா, எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாததால் வெடியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பலகையைக் காற்று சாய்த்திருக்கலாம், விறகுக்கு யாராவது பிடுங்கியிருக்கலாம். உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். "இந்த ஒழுங்கையால போகலாமோ தம்பி?" என்று கேட்டால் முறைத்துக்கொள்ளும் மனிதர் அங்கே யாருமில்லை.

நினைவுப் பொருளாக ஒரு தோட்டாக் கூட்டைக்கூட எடுத்து வராதீர்கள். வெடிக்கும் வெடிக்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், துறைமுகச் சோதனையில் அகப்பட்டால் இரண்டு நாட்டுச் சட்டமும் உங்கள் மீது பாயும்.

எங்கள் காணி முகமாலைப் பக்கம். அப்பா கையெழுத்து வைத்த உறுதி (காணிப் பத்திரம்) இருக்கிறது. போய்ப் பார்க்கலாமா?

தனியாகப் போகாதீர்கள். முதலில் அந்தப் பகுதியின் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் பார்த்து, காணி விடுவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கண்ணிவெடி அகற்றும் பணியை ஒருங்கிணைக்கும் தேசிய மையம் 2010-இல் அமைந்தது. துப்புரவு முடித்த நிலத்தை எழுத்தில் ஒப்படைப்பார்கள். "பக்கத்துக் காணிக்காரர் விதைக்கிறார்" என்பதை வைத்து உங்கள் காணியும் சுத்தம் என்று கணக்குப் போட வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் முடித்து, அந்தப் பக்கம் பாக்கி இருப்பது சாதாரணம்.

விடுவித்த காணியிலும் முதல் உழவு, முதல் கிணறு, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவது இவற்றில் கவனம் வேண்டும். சந்தேகமாக ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு 119-க்குச் சொல்லுங்கள், அது அங்கத்தைய போலீஸ் எண். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இன்னும் கவனம். காணி எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இத்தனை வருஷம் ஏன் ஆகிறது? மெஷின் வைத்து உழுதுவிட முடியாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முகமாலை பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். முன்னும் பின்னும் நகர்ந்த இரண்டு தரப்பும் ஒவ்வொரு தடவையும் புதைத்தார்கள். ஒருவர் புதைத்ததற்கு மேல் இன்னொருவர் புதைத்தார்கள். ராணுவம் பெரும்பாலும் பாகிஸ்தானின் பி4, சீனாவின் டைப் 72 போன்ற பிளாஸ்டிக் மிதிவெடிகளைப் பயன்படுத்தியது. அவற்றில் இரும்பு மிகக் கொஞ்சம். புலிகள் பக்கம் அவர்களே செய்த ஜொனி, ரங்கன். இதன் மேல் ஆண்டுக்கணக்கில் விழுந்த ஷெல் துண்டுகள். உலோகம் காட்டும் கருவியை வைத்தால் அடிக்கொரு தடவை கத்தும், அத்தனையும் ஷெல் சிதறல். நிஜ வெடியோ கருவிக்குச் சரியாகத் தெரியாது.

அதனால் மனிதக் கையால் வேலை நடக்கிறது. சாலையோரத்திலிருந்து பார்த்தால் தெரியும்: முகத்தை மூடிய கண்ணாடிக் கவசமும் மார்புக் கவசமும் போட்ட ஒரு பெண், ஒரு மீட்டர் அகலமே உள்ள ஒரு தடத்தின் முனையில் மண்டியிட்டிருப்பார். தடத்துக்கு இரண்டு பக்கமும் குச்சி, நூல். முதலில் புல்லைக் கத்தரித்து எடுக்கிறார், பிடுங்குவதில்லை. பிறகு நீண்ட காம்பு போட்ட வாரியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து மெல்லச் சுரண்டித் தன் பக்கம் இழுக்கிறார். மிதிவெடி பெரும்பாலும் மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும், பக்கத்திலிருந்து மண் சரிந்தால் தலையைக் காட்டிவிடும். மணற்பாங்கான அந்த மண்ணுக்கு ஏற்ற இந்த வாரி முறை யாழ்ப்பாணத்திலேயே உருவானது. குறித்த ஆழம்வரை சுரண்டி, பார்த்து, ஒரு கை அளவு நகர்கிறார். மறுபடி புல், மறுபடி வாரி. நடுப்பகல் வெயில் அந்தக் கவசத்துக்குள் எப்படி இருக்கும் என்று நடவு வெயில் தெரிந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த வேலைக்கு வந்த பெண்களில் பலர் போரில் கணவனை இழந்து, வீட்டுப் பொறுப்பைத் தனியாகச் சுமக்கிறவர்கள். தாங்கள் பிறந்த மண்ணைத் தாங்களே கை அளவாக மீட்கிறார்கள்.

ஹேலோ டிரஸ்ட், மேக் ஆகிய பன்னாட்டு அமைப்புகள் 2002 முதல் அங்கே இருக்கின்றன. டேஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளும் ராணுவத்தின் தனிப்பிரிவும் வேலை செய்கின்றன. போர் முடிந்ததும் இந்திய அரசின் செலவில் 7 இந்தியக் குழுக்கள் போய் வேலை பார்த்தன, நம் ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அவற்றில் இருந்தார்கள். இதைத் தமிழ்நாட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டம் 2017-இல் துப்புரவு முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மீதியெல்லாம் வடக்கில்தான் பெரும்பாலும். மிதிவெடித் தடை ஒப்பந்தப்படி இலங்கைக்கு 2028 ஜூன் 1 வரை கெடு இருக்கிறது. பணம்தான் பெரிய தடை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது உலகம் முழுக்கக் கண்ணிவெடி அகற்றும் குழுக்கள் திடீரென்று கை கட்டி நிற்க வேண்டி வந்தது. ஒரு தலைநகரத்தில் போடும் கையெழுத்துக்கு ஒரு கிராமத்தின் விதைப்பு தள்ளிப்போகிறது.

இங்கே டெல்டாவில் போரே நடக்கவில்லையே. இங்கே எப்படி இருக்கும்?

மிதிவெடி புதைத்த வயல் இங்கே இல்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பழைய வெடிபொருள் ஒன்றுமே இருக்காது என்று சொல்ல முடியாது.

2024 அக்டோபர் கடைசியில் திருச்சிக்கு மேற்கே அந்தநல்லூரில், சிவன் கோயில் அருகே காவிரிக் கரையில் ராக்கெட் லாஞ்சர் குண்டு ஒன்று கிடந்தது. போலீஸ் அதை ராணுவத்திடம் ஒப்படைத்தது. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில், 2018 ஜூனில் ஒரு வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருட்களும் வெளியே வந்தன. 1980-களில் இலங்கைப் போராளிக் குழுக்கள் விட்டுப்போனவை. அதே ஆண்டுகளில் ஒரத்தநாடு, கும்பகோணம் பக்கங்களில் பல குழுக்களின் பயிற்சி முகாம்கள் இருந்தன, வேதாரண்யம், கோடியக்கரை வழியாகப் படகுகள் போய்வந்தன. நம் அப்பாக்கள், மாமாக்களுக்கு நினைவிருக்கும். தென்னந்தோப்பில் எங்கே எதைப் புதைத்தார்கள் என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாருகிறவர்கள், ஆற்று மணலில் வேலை செய்கிறவர்கள், பழைய வீட்டை இடிக்கிறவர்கள், ஜேசிபி ஓட்டுகிறவர்கள், நூறு நாள் வேலையில் குளம் வெட்டுகிற பெண்கள் இவர்களுக்குத்தான் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

சரி, ஒன்று கிடைத்துவிட்டது. என்ன செய்வது?

தொடாதீர்கள். மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். தீ வைக்காதீர்கள். மண்வெட்டி அதன் மீது சாய்ந்திருந்தால் அதையும் இழுக்காமல் விட்டுவிடுங்கள், மண்வெட்டி போனால் போகட்டும். ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தி, டிரைவரை இறங்கி வரச் சொல்லுங்கள்.

வந்த வழியே திரும்பி நடந்து, குறைந்தது நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். நடுவில் மேடோ சுவரோ இருந்தால் நல்லது. தள்ளிப் போன பிறகு 112-க்கோ 100-க்கோ போன் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். ஆள் வரும்வரை ஆடு மாடும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகாமல் இரண்டு பேர் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் கூடி செல்போனில் வீடியோ எடுப்பதுதான் நம் ஊரில் பெரிய ஆபத்து. ஒரு ஆள் அடிபடவேண்டிய இடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் கூடவே கூடாது. ஸ்டேஷனுக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பதும் கூடாது. அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

சொன்னால் நம்மையே கேஸில் மாட்டிவிடுவார்களோ?

இந்தப் பயம் நிஜம், இதனாலேயே பலர் வாய்க்காலில் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். 1908-ஆம் ஆண்டு வெடிபொருள்கள் சட்டம், தெரிந்தே சந்தேகத்துக்கிடமாக வெடிபொருளை வைத்திருப்பதைத்தான் குற்றம் என்கிறது. கண்டதும் சொல்கிறவர் அதில் வரமாட்டார். எடுத்து ஒளித்து வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஊராட்சித் தலைவரையோ வார்டு உறுப்பினரையோ கூட வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

காயலான் கடையில் வேலை செய்கிறேன் அண்ணே. வரும் இரும்பில் எதைச் சந்தேகப்படுவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நன்றி. இந்தத் தொழிலில் இருப்பவர்களை யாரும் உட்கார வைத்துப் பேசுவதே இல்லை.

உங்கள் வேலையின் ஆபத்து எடைக்கல்லில் இல்லை, சுத்தியலில் இருக்கிறது. இரும்பு ஒரு விலை, பித்தளை ஒரு விலை, செம்பு அதற்கும் மேல். கலந்து வந்தால் உடைத்துப் பிரிக்கத்தான் தோன்றும். பீரங்கி ஷெல்லின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்பு வளையம் இருக்கும். உளியை வைத்துத் தட்டினால் கழன்று வரும்போல் ஆசை காட்டும். அந்தத் தட்டல்தான் ஆளைக் கொல்லும். கேஸ் கட்டரும் அப்படியே.

ஒரு பக்கம் கூராகவோ மழுங்கலாகவோ குவிந்த உருளை, பின்னால் இறக்கை வைத்தது, மரையாணி போல் மூக்குத் திருகியது, வழக்கத்துக்கு மீறிய கனம், இருபுறமும் அடைத்த குழாய், ஆட்டினால் உள்ளே ஏதோ இருப்பதுபோல் தெரிவது (ஆட்டிப் பார்க்க வேண்டாம்) இவையெல்லாம் வந்தால் அந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். கொண்டுவந்தவர் "காலி குண்டுதான், ராணுவத்தில் ஏலம் விட்டது" என்பார். காலி என்பதை அவர் சொல் தீர்மானிக்க முடியாது. 2004-இல் காசியாபாத் அருகே ஒரு உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து கழிவு இரும்பாக வந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் பலர் செத்தார்கள். துறைமுகம், லாரி, ஆலை என்று பல கை மாறி வந்தது. இறக்குமதிக் கழிவு இரும்புக்கு ஏற்றுமதிக்கு முன்பே சோதனை வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் இறுகியது.

கடை முதலாளிகளுக்கு: சந்தேகமான சரக்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர் அடுத்த கடைக்குப் போவார். அங்கே பதினேழு வயதுப் பையன் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பான்.

வலையில் ஏதாவது ஏறினால்?

நீரின் மேல்மட்டத்துக்கு வரும்போதே தெரிந்துவிட்டால் படகில் ஏற்றாமல் வலையோடு மெல்ல இறக்கிவிட்டு, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு 1554-க்குச் சொல்லுங்கள், அது கடலோரக் காவல்படை. 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். படகில் ஏறிவிட்டால் தட்டாமல், உருளாமல், இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, ஈரச் சாக்குப் போட்டு அசையாமல் வைத்து, ஆட்கள் எல்லோரும் மறுமுனைக்குப் போய்விட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். துறைமுகத்துக்குள் கொண்டுவராதீர்கள். வலை கிழிந்த நஷ்டம் பெரியதுதான், எனக்குத் தெரியும்.

கரையில் ஒதுங்கும் குழாய், டப்பா, கப்பல்காரர்கள் ஆபத்தில் எரியவிடும் விளக்கு வெடி இவற்றையும் பிள்ளைகள் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாத வகை அவற்றில் உண்டு.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் கிடைக்கும் பழைய பீரங்கி உருண்டை?

டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1781-இல். அந்தக் காலத்து உருண்டைகளில் பெரும்பாலானவை திட இரும்பு, வெடிக்காது. ஆனால் உள்ளே குடைந்து மருந்து நிரப்பிய உருண்டைகளும் அப்போதே இருந்தன. வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். மேலே சொன்னபடியே செய்யுங்கள், தொல்லியல் துறைக்கும் தகவல் போகட்டும்.

வயலில் வயர் நீட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் தேட வந்தவர்கள் விட்டுப்போனதாம்.

நில அதிர்வு ஆய்வுக்குத் துளை போட்டு உள்ளே வெடி வைப்பார்கள். அது வெடித்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. வயரை இழுக்கவோ, பேட்டரி வைத்துப் பார்க்கவோ, செம்புக்காக வெட்டவோ வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும் இதே ரகம்தான், மாட்டின் வாயும் பிள்ளையின் கையும் அதற்கு ஒன்றுதான்.

நடந்துகொண்டிருக்கும்போதே மிதிவெடி நிலத்துக்குள் வந்துவிட்டது தெரிகிறது. என்ன செய்வது?

அந்த இடத்திலேயே நில்லுங்கள். காலை எடுக்க வேண்டாம், உட்காரவும் வேண்டாம். கூட வருபவர்களை "நில்லுங்க, நகராதீங்க" என்று சத்தம் போட்டு நிறுத்துங்கள். உதவிக்குக் கூப்பிடுங்கள், எத்தனை மணி நேரமானாலும் காத்திருங்கள். உதவிக்கு யாருமே வர வழியில்லை என்ற கடைசி நிலையில் மட்டும், உங்கள் காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால், அந்தத் தடத்தின் மேலேயே அடி வைத்துத் திரும்பலாம்.

ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் ஓடிப்போகக் கூடாது. இதைச் சொல்வது எனக்கே கொடுமையாக இருக்கிறது. பெற்ற பிள்ளை அலறும்போது எந்தத் தாய் நிற்பாள்? ஆனால் அப்படி ஓடியவர்களைத்தான் இரண்டாவது வெடி எடுத்திருக்கிறது. குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவரையே துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு முதலுதவி?

ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. காயத்தின் மேல் துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். கை கால் சிதைந்து ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே துண்டை மடித்துக் கட்டி, குச்சி நுழைத்து ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரி வரை அவிழ்க்க வேண்டாம். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாணி எதுவும் வேண்டாம். மிதிவெடிக் காயத்தில் மண்ணும் துணியும் எலும்புத் துண்டும் சதைக்குள் வெகு மேலே வரை ஏறியிருக்கும். வெளியே கணுக்கால் போனதாகத் தெரிந்தாலும் டாக்டர்கள் முழங்கால் வரை எடுக்க வேண்டி வருவது இதனால்தான். தண்ணீர், சோறு கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் இருக்கும். இங்கே 108, இலங்கையில் 1990.

கால் போனவர்களுக்கு அப்புறம் வாழ்க்கை?

1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் நம் நாட்டின் கொடை. ரப்பரும் மரமும் கொண்ட அந்தக் காலைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்கலாம், சம்மணம் போடலாம், மரம் ஏறலாம். பூட்ஸ் போட்டு நடக்கும் நாட்டுக்காரர்கள் செய்த செயற்கைக் கால் நம் வரப்புக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் பெயரிலேயே ஒரு மறுவாழ்வு மையம் இயங்குகிறது, போர் நடந்த காலம் முழுக்க அது கால் செய்து கொடுத்தது.

ஒருதரம் கால் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பது தவறு. பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருதரம்கூடத் தேவைப்படும். சதைக்குள் எலும்பு வளர்ந்து குத்தும், மறுபடி அறுவை சிகிச்சை. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூட ஒரு ஆள். கால் இலவசமாகக் கிடைத்தும் போய் வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். உதவ நினைப்பவர்கள் இந்தப் பயணச் செலவைக் கேட்டுக் கொடுங்கள், அதுதான் பல வீட்டில் அவசரத் தேவை.

சட்டம், ஒப்பந்தம் எல்லாம் என்ன சொல்கிறது? இந்தியா?

மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தாகி, 1999 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் போராடிய மக்கள் இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் 1997-இல் அமைதிக்கான நோபல் பரிசு. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2018-இல் கொத்துக்குண்டுத் தடையிலும் சேர்ந்தது. இந்தியா இரண்டிலும் இல்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தானும் இல்லை. நீண்ட எல்லையைக் காக்க மிதிவெடி வேண்டும் என்பது டெல்லியின் வாதம். ஆனால் 2001–02-இல் பாகிஸ்தான் எல்லை நெடுகப் புதைத்தபோது பஞ்சாப், ராஜஸ்தான் விவசாயிகள் வயலை இழந்தார்கள், காலையும் இழந்தார்கள். எல்லையைக் காக்க வேறு வழிகள் இத்தனை வந்த பிறகு இந்தியா சேர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது: ரஷ்யாவுக்கு அஞ்சி பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள் 2025-இல் ஒப்பந்தத்தை விட்டு விலக முடிவெடுத்தன. புதைக்கப்போகும் நிலம் அவர்கள் சொந்த மக்களின் நிலம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

படம் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று சொல் போதும்: தொடாதே, தள்ளிப் போ, பெரியவரிடம் சொல். கல்லெறிந்து பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், பையன்கள் முதலில் செய்வது அதைத்தான். வந்து சொன்ன பிள்ளையை "அங்கே ஏன் போனே?" என்று திட்டாதீர்கள், அடுத்த தடவை சொல்லாது. ஆற்றுக்குக் குளிக்கப் போகும் கோடை விடுமுறைக்கு முன், ஏப்ரல் மாதத்திலேயே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லி உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 112, 1093, 1554 மூன்று எண்களையும் சத்துணவுக் கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.